டிகிரி காபி ஊரில் மாலை காபிக்கு 'நோ' சொன்ன வீடு!

கும்பகோணம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் வரவேற்பது கோயில் கோபுரம் இல்லை, காபி வாசனைதான். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் ரயில்கள் விடிவதற்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிடும். தூக்கக் கலக்கத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களின் கால்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னால் காபிக் கடையைத்தான் தேடும். பித்தளை டபரா, பித்தளை டம்ளர், மேலே ஒரு விரல் அளவுக்கு நுரை. அதைக் குடித்த பிறகுதான் 'எந்தக் கோயிலுக்கு முதலில் போகலாம்' என்ற பேச்சே வரும்.

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. நடுவில் ஊர். கோயில், வெற்றிலை, பித்தளைப் பாத்திரம் என்று கும்பகோணத்துக்குப் பல பெருமைகள் உண்டு. இருந்தாலும் தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் இந்த ஊரின் பெயரைப் பலகை பலகையாக எழுதி வைத்திருப்பது டிகிரி காபிக் கடைகள்தான்.

அப்படிப்பட்ட ஊரில், மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டில் மாலை நான்கு மணி காபி நின்றுபோனது. நிறுத்தியவர் அந்த வீட்டில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுக்கும் குடும்பத் தலைவி. வயது 57.

எதற்கு டிகிரி?

காபிக்கு எப்படி 'டிகிரி' வந்தது என்று கேட்டால் ஊரில் மூன்று கதைகள் சொல்வார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்து, 'டிகிரி' சரியாக இருக்கும் பாலில் மட்டும் போட்ட காபி என்பது ஒரு கதை. 'சிக்கரி' என்ற சொல்தான் வாயில் புரண்டு 'டிகிரி' ஆனது என்பது இன்னொன்று. ஃபில்டரில் முதலில் இறங்கும் கெட்டி டிகாக்‌ஷனைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்பது மூன்றாவது. மூன்று கதைகளுக்கும் கட்சி கட்டிப் பேச ஊரில் ஆள் உண்டு.

ஆனால் காபி இல்லாத கும்பகோணமும் ஒரு காலத்தில் இருந்தது. தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் காபி பரவலாக நுழைந்தது 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். அதற்கு முன்பு காலையில் நீராகாரம். வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய புத்தகத்தின் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'.

இன்று நிலைமை வேறு. இந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போய் காபி வேண்டாம் என்று சொன்னால், 'என்ன, எங்க மேல கோவமா?' என்றுதான் முதல் கேள்வி வரும்.

"ரெண்டுதான் டாக்டர்!"

அந்த வீட்டில் நான்கு பேர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர், 84 வயது மாமியார், குடும்பத் தலைவி, உள்ளூர்க் கல்லூரியில் படிக்கும் மகள். மகன் சென்னையில்.

இரவு பத்து மணிக்குப் படுத்தால், பதினொன்றரை வரை அம்மாவுக்குத் தூக்கம் வராது. வந்தாலும் இரண்டு மணிக்கு விழிப்பு தட்டும். அதோடு மூட்டு வலி. 2016 மகாமகத்தின்போது குளத்துப் படிகளில் யாருடைய துணையும் இல்லாமல் இறங்கிக் குளித்துவிட்டு ஏறி வந்தவர் அவர். போன மாசி மகத்துக்கு அதே படியில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. ஏறும்போது நான்கு படிக்கு ஒரு தடவை நின்றார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனார்.

"ஒரு நாளைக்கு எத்தனை காபிம்மா?"

"ரெண்டுதான் டாக்டர்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து இருவருமாக விரல் விட்டு எண்ணினார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ஒன்று. டிபனோடு ஒன்று. பதினோரு மணிக்கு ஒன்று. மாலை நான்கு மணிக்கு ஒன்று. விளக்கு வைத்த பிறகு ஏழு மணிக்கு ஒன்று. ஆக ஐந்து. இது போக, சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று ருசி பார்க்கும் வாய்கள். மிச்சமான டிகாக்‌ஷனைக் கீழே கொட்ட மனசு வராமல் குடிப்பது வேறு. காபி போடுகிறவர் எவ்வளவு குடிக்கிறார் என்று எந்த வீட்டிலும் யாரும் எண்ணுவதில்லை. போடுகிறவரும் எண்ணுவதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இதற்கு அளவு சொல்லப்பட்டிருக்கிறது. 150 மில்லி வடிகட்டிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65. டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அதன் அறிவுரை.

'நம்ம டம்ளரில் பாதிக்கு மேல் பால்தானே?' என்று கேட்கலாம். உண்மைதான். சிக்கரியில் கஃபீன் கிடையாது என்பதால், சிக்கரி கலந்த தூளில் அளவு இன்னும் குறையும். ஆனால் டிகாக்‌ஷன் கெட்டியாக இருந்தால் குறைந்தது திரும்ப ஏறிவிடும். ஐந்து டம்ளர் என்றால், ஒரு டம்ளருக்கு 65 மில்லிகிராம் என்று வைத்தாலே 325 ஆகிவிடுகிறது.

எத்தனை டம்ளர் என்பது மட்டும் இல்லை, எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். நாள் முழுக்க விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும். 'போதும், தூங்கு' என்று சொல்வது அதுதான். கஃபீன் அந்தச் செய்தி போய்ச் சேராமல் வழியை மறிக்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகம். ஏழு மணிக்குக் குடித்த காபியில் பாதி, நள்ளிரவு வரை ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கம் எங்கிருந்து வரும்?

இன்னொரு விஷயமும் உண்டு. இட்லியோடு சேர்த்துக் காபி குடிப்பது நம் ஊர் வழக்கம். காபி, டீயில் உள்ள சில பொருட்கள் உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கின்றன. அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது அதே வழிகாட்டி. தேசிய குடும்ப நல ஆய்வு-5 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பெண்கள் இந்த ஒரு மணி நேரத்தைச் சும்மா ஒதுக்கிவிடக் கூடாது.

செவ்வாய்க்கிழமை தலைவலி

டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். தொடைத் தசைகள் பலமாவதற்கு தினமும் வீட்டிலேயே இருபது நிமிடம் பயிற்சி.

ஒரு திங்கட்கிழமை அம்மா காபியை ஒட்டுமொத்தமாக நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை மதியம் மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி. எதைச் சொன்னாலும் எரிச்சல். "ஒரு வாய் குடிம்மா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் மாமியார். குடித்தார். அரை மணி நேரத்தில் சரியாகத்தான் போனது! 'அப்ப காபிதான் மருந்து' என்று வீடே முடிவு கட்டிவிட்டது.

இங்கேதான் பலரும் தோற்றுப்போகிறோம். அது கஃபீன் கிடைக்காமல் உடம்பு செய்யும் ஆர்ப்பாட்டம். கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, முதல் இரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒன்பது நாட்களுக்குள் அடங்கிவிடும். ஒரே நாளில் நிறுத்தினால்தான் இந்த ஆர்ப்பாட்டம் பெரிதாக இருக்கும். சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் கலந்திருக்கிறது. ஆகவே காபியை விட்டுவிட்டு அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால், ஒரு வாசலை மூடி இன்னொரு வாசலைத் திறந்த கதைதான்.

இரண்டாவது முறை படிப்படியாக இறங்கினார்கள். முதல் வாரம் ஏழு மணி காபி மட்டும் நின்றது. இரண்டாவது வாரம் நான்கு மணி காபி அரை டம்ளர் ஆனது. மூன்றாவது வாரம் பதினோரு மணி காபி போய் அந்த நேரத்துக்கு மோர் வந்தது. கடைக்காரரிடம் சொல்லி, தூளில் சிக்கரியைக் கொஞ்சம் கூட்டி வாங்கினார்கள். காபி-சிக்கரி கலவையில் 49 சதவிகிதம் வரை சிக்கரி சேர்க்க விதிமுறையில் இடம் உண்டு. பாக்கெட்டில் அளவு அச்சிட்டிருக்கும். நான்காவது வாரம், நான்கு மணி அரை டம்ளரும் நின்றது.

மிச்சம் இரண்டு. விடிகாலையில் ஒன்று, டிபன் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. டாக்டரிடம் சொன்ன 'ரெண்டுதான்' கடைசியில் உண்மையாகிவிட்டது.

டம்ளர் கையில் இருந்தால்தான் ஓய்வு

தலைவலியெல்லாம் போன பிறகுதான் நிஜமான சிக்கல் தெரிந்தது. நான்கு மணிக்கு அவருக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

அந்தக் காபியை அவர் திண்ணையில் உட்கார்ந்து குடிப்பார். எதிர் வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை. தெருவில் போகிற பூக்காரரிடம் ஒரு முழம் கதம்பம். நாள் முழுவதும் அவர் உட்கார்வதே அந்தப் பதினைந்து நிமிடம்தான். "கையில டம்ளர் இருந்தா யாரும் ஒரு வேலையும் சொல்ல மாட்டாங்க. 'அம்மா காபி குடிக்கிறா, இரு'ன்னு விட்டுடுவாங்க. சும்மா உக்காந்திருந்தா, 'சும்மாதானே இருக்கே'ன்னு உடனே ஒண்ணு வரும்" என்கிறார் அவர்.

காபியை நிறுத்தச் சொல்லும் அறிவுரைகள் இதைத்தான் கவனிப்பதில்லை. பல வீடுகளில் பெண்களுக்கு ஓய்வு என்பது அந்த டம்ளருக்குள்தான் இருக்கிறது. டம்ளரை எடுத்தால் ஓய்வும் சேர்ந்து போய்விடுகிறது. அப்புறம் உடற்பயிற்சிக்கு மட்டும் நேரம் எப்படி வரும்? 2022-ம் ஆண்டு நிலவரம் குறித்த ஓர் ஆய்வு 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவிகிதம். பெண்களில் 57 சதவிகிதம். நாள் முழுக்க நிற்கிறார்கள், நடக்கிறார்கள், குனிகிறார்கள். ஆனாலும் தசைக்கும் இதயத்துக்கும் தேவையான அளவு அது ஆவதில்லை.

அந்த வீட்டில் மகள்தான் ஒரு தீர்வு சொன்னார். "நாலு மணிக்கு அப்பத்தாவுக்கு அப்பா காபி போடட்டும். அம்மா அந்த நேரம் அடுப்படிப் பக்கமே வரக் கூடாது."

"எனக்கு டிகாக்‌ஷன் போடத் தெரியாதே" என்றார் அப்பா.

"கத்துக்கங்கப்பா."

அவ்வளவுதான். நான்கு மணி அம்மாவுக்குச் சொந்தமானது.

கூடத்தில் இருபது நிமிடம்

டெல்டா வெயிலில் நான்கு மணிக்கு மொட்டைமாடியில் கால் வைக்க முடியாது. அதனால் பயிற்சி கூடத்தில், ஃபேனுக்குக் கீழே. பொருள் என்று எதுவும் வாங்கவில்லை. கை வைக்காத ஒரு மர நாற்காலி, ஒரு சுவர், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு.

முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடை; தோள், இடுப்பு, கணுக்காலைச் சுழற்றுவது. அடுத்து நாற்காலிப் பயிற்சி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். முதல் நாள் ஐந்து முறைதான் முடிந்தது. இப்போது பத்து முறை வீதம் மூன்று சுற்று. அதன்பிறகு சுவரில் இரு கைகளையும் ஊன்றி, உடம்பைச் சுவர்ப் பக்கம் சாய்த்துத் தள்ளுவது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. கடைசியில் தரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் நிதானமான மூச்சு.

"அந்தக் காலத்துல பிள்ளையாருக்கு தினமும் தோப்புக்கரணம் போட்டோம். இதுக்கெல்லாம் டாக்டர் சொல்லணுமா?" என்று மாமியார் கேட்டார். கரும்பாயிரம் பிள்ளையார் இருக்கும் ஊராயிற்றே! அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. தோப்புக்கரணம் போடும்போது வேலை செய்வதும் அதே தொடைத் தசைகள்தான். ஆனால் மூட்டு வலி இருப்பவர்கள் முழுதாக மடங்கி உட்காராமல் நாற்காலி உயரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வலி குத்தினால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை விட்டுவிட வேண்டும்.

வெயில் தாழ்ந்து ஐந்தரை மணிக்கு மேல் மொட்டைமாடி நடை. சாரங்கபாணி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். கோபுரத்தைப் பார்த்தபடி போய், திரும்பி வருவது. இருபத்தைந்து நிமிடம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. கூடமும் மாடியும் சேர்ந்து அந்தக் கணக்கை எட்டிவிடுகின்றன.

இதய நோய், கட்டுப்படாத பிபி, மூட்டு அறுவை சிகிச்சை செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகள் காபி அளவையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விருந்தாளியாகப் போனால்?

காபியைக் குறைத்துக்கொண்டவர்கள் கும்பகோணத்துக்குப் போகக் கூடாதா? தாராளமாகப் போகலாம். காலையில் ஒரு டிகிரி காபியை நிதானமாக, ரசித்துக் குடியுங்கள். ருசிக்காகக் குடிப்பது அந்த முதல் டம்ளர்தான். மற்றதெல்லாம் கை பழக்கம். மாலையில் யாராவது உபசரித்தால் சுக்கு மல்லிக் காபி கேளுங்கள். பெயரில்தான் காபி; சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மட்டும் சேர்த்தால் அதில் கஃபீன் இல்லை. சில கடைகளில் காபித் தூளையும் சேர்ப்பார்கள் என்பதால் கேட்டுக் குடிப்பது நல்லது. சுகர் இருப்பவர்கள் கருப்பட்டி இல்லாமல் கேட்க வேண்டும். காபிக்குப் பதில் டீ, கிரீன் டீ, கோலா என்று போனால் அவற்றிலும் கஃபீன் உண்டு.

நடப்பதற்கு இந்த ஊரைப் போல வசதி கிடையாது. மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மாலையில் ஒரு சுற்று வரலாம். சாரங்கபாணி, ஆதிகும்பேஸ்வரர் கோயில்கள் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன. பிராகாரங்களும் நீளமானவை. வண்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு நடந்தாலே அன்றைய பயிற்சி முடிந்துவிடும்.

2028-க்கு இன்னும் நாள் இருக்கிறது

மூன்று மாதம் ஆகிறது. அம்மாவுக்கு இப்போது பத்தரைக்குள் தூக்கம் வந்துவிடுகிறது. சில நாட்கள் இரண்டு மணி விழிப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் திரும்பத் தூங்க முடிகிறது. மூட்டு வலி முழுதாகப் போய்விடவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏற முடிகிறது. இறங்கும்போதுதான் இன்னும் கொஞ்சம் பயம்.

அடுத்த மகாமகம் 2028-ல். "அன்னிக்கு யார் தோளையும் பிடிக்காம குளத்துல இறங்கி ஏறணும். அதுக்குத்தான் இந்த நாற்காலியோட மல்லுக்கட்டு" என்கிறார் அம்மா.

அப்பாவின் டிகாக்‌ஷன் எப்படி இருக்கிறது என்று மாமியாரிடம் கேட்டால், டம்ளரை ஒரு ஆற்று ஆற்றிவிட்டுச் சொல்கிறார்: "மொத வாரம் வெறும் தண்ணி. இப்பப் பரவாயில்லை. தேறிடுவான்."